காய்ச்சல் விட்ட நாளில்



காய்ச்சல் விட்டுவிட்டால் நோயும் விட்டுவிட்டது என்பது நம் வீடுகளில் வழிவழியாக வந்த எண்ணம். பல காய்ச்சல்களுக்கு அது பொருந்தும். டெங்குக் காய்ச்சலுக்குப் பொருந்தாது. டெங்குவில் உடம்புச் சூடு தணிந்த பின்னர்தான் உயிருக்கு ஆபத்தான வேளை தொடங்கக்கூடும். அஃது ஏன் என்பதைக் கலைப் பட்டதாரியாகிய நான் கற்று விளங்கிக்கொண்ட அளவில் இன்று எடுத்துரைக்க விழைகின்றேன்.

குளிர் மிகுந்த மலைநாட்டில் டெங்குவுக்கு என்ன வேலை என்று சிலர் வினவலாம். 1,800 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள நுவரெலியாவின் குளிர், டெங்கு நுளம்பு பெருகுவதற்கு ஏற்றதன்று. அஃது இயற்கை நமக்கு அளித்த காவல். ஆயினும் நம் இளைஞர் பலர் கொழும்பிலே கடைகளிலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்கின்றனர். நுளம்பு கடித்து நான்கு முதல் பத்து நாள் வரை சென்ற பின்பே காய்ச்சல் தோன்றும். ஆகவே தீபாவளிக்கு ஊர் திரும்பும் பிள்ளை, புத்தாடைப் பொதியோடு நோயையும் அறியாமலே சுமந்து வரலாம். 2017 ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதிவாயினர்; 400 பேருக்கு மேல் உயிரிழந்தனர்.

இனி, உடம்பினுள்ளே நிகழ்வதைப் பார்ப்போம். குருதிக் குழாய்கள் அனைத்தின் உட்புறத்தையும் ஓர் உயிரணுவின் கனமே உள்ள மெல்லிய படை ஒன்று மூடியிருக்கின்றது. விஞ்ஞான நூல்கள் அதனை அகவணி என்று கூறும். அதன் பணியை நம் மலைகளிலேயே காணலாம். தேயிலை மலையில் மழைநீரை வழிப்படுத்தக் கான் வெட்டுகின்றோம். கானின் கரை உறுதியாக இருக்கும்வரை நீர் தன் வழியே ஓடும். கரை இளகினாலோ, நீர் மண்ணுக்குள் ஊறிவிடும்; கீழே கான் வற்றிப்போகும். குருதிக்கு அகவணியே கரை.

ஆனால் இக்கரை உயிருள்ள கரை. அதன் உயிரணுக்களின் மேல் வாங்கிகள் எனப்படும் நுண்ணிய புரதங்கள் காவலர்போல் அமைந்துள்ளன. அவற்றுள் ஒரு வகைக்கு டோல் வகை வாங்கிகள் என்று பெயர். டோல் என்பது முதலிற் பழ ஈயிலே கண்டறியப்பட்ட ஒரு மரபணுவின் பெயர். அம்மரபணு பூஞ்சண நோயிலிருந்து ஈயைக் காப்பதில் பங்குகொள்கின்றது என்பதை 1996 இல் பிரான்சு நாட்டு யூல்ஸ் ஹொஃப்மன் குழுவினர் காட்டினர். பாலூட்டிகளிலுள்ள டோல் வகை நான்காம் வாங்கி, சிலவகைப் பற்றீரியாக்களின் வெளியுறையிலுள்ள நச்சுப் பொருளை இனங்காண்கின்றது என்பதை 1998 இல் அமெரிக்கரான புரூஸ் பொய்ட்லர் குழுவினர் கண்டனர். இவ்விருவரும் 2011 ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசில் பங்குபெற்றனர்.

பகைவன் வருவதைக் கண்டு குரல் எழுப்புவதே இவ்வாங்கியின் கடமை. குரல் கேட்டதும் அகவணி சற்றே நெகிழ்ந்து, வெண்குருதி அணுக்கள் நோயுற்ற இடத்திற்குச் செல்ல வழிவிடும். அளவோடு நிகழ்ந்தால் இது நன்மையே.

டெங்குவில் அளவு மீறுகின்றது. டெங்கு வைரசு தொற்றிய உயிரணுக்கள் என்எஸ் 1 என்னும் புரதத்தைக் குருதியிலே கலக்கவிடுகின்றன. காய்ச்சலின் முதல் நாள்களில் ஆய்வுகூடத்திற் செய்யப்படும் டெங்குச் சோதனை ஒன்று இதனையே தேடுகின்றது. இப்புரதம் டோல் வகை நான்காம் வாங்கியைத் தூண்டி அகவணியை நெகிழச் செய்கின்றது என்பதை அவுஸ்திரேலிய ஆய்வாளர் 2015 இல் வெளியிட்டனர். எலிகளில் அவ்வாங்கியை அடைத்தபோது கசிவு குறைந்தது. வெண்குருதி அணுக்கள் வெளிவிடும் பொருள்களும் கரையை மேலும் இளக்குகின்றன. பற்றீரியாவுக்காக அமைந்த காவலன் வைரசின் புரதத்தைக் கண்டும் கூக்குரலிட, வீட்டின் சுவரே ஆட்டங்காணுகின்றது.

விளைவு யாது? குருதியின் நீர்ப்பகுதி குழாய்களிலிருந்து கசிந்து நெஞ்சறையிலும் வயிற்றிலும் தேங்குகின்றது. எஞ்சும் குருதி தடிக்கின்றது; நாடி தளர்கின்றது. இக்கசிவு பெரும்பாலும் நோயின் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே, காய்ச்சல் தணியும் வேளையில் தொடங்கி, 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கும். இதனை நிறுத்தவென்றே அமைந்த மருந்து இன்னும் வழக்கிற்கு வரவில்லை. வைத்தியர் நாடியையும் குருதியின் தடிப்பையும் கவனித்து, அளந்து நீர் ஏற்றியே உயிர் காக்கின்றனர். நீர் குறைந்தாலும் தீங்கு, மிகுந்தாலும் தீங்கு. வீட்டிலே வைத்துச் செய்யக்கூடிய வைத்தியமன்று இது.

நம் தோட்டங்களில் நடப்பதோ வேறு. காய்ச்சல் விட்டது என்றதும் தாய் கொழுந்தெடுக்கப் போகின்றாள். போகாவிட்டால் அன்றைய பேர் இல்லை. பிள்ளை பாடசாலைக்கு வருகின்றான். அல்லது லயன் காம்பராவிலே தனியே படுத்திருக்கின்றான். அவன் சோர்வைக் களைப்பு என்று எண்ணிவிடுகின்றோம்.

ஆதலால் கவனிக்க வேண்டியவற்றைக் கூறுகின்றேன். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ குருதி கசிதல், கைகால் குளிர்தல், சிறுநீர் குறைதல், காரணமற்ற அமைதியின்மை அல்லது மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். விடியட்டும் என்று காத்திருத்தலாகாது. காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் போதும். அஸ்பிரின், இபுபுரூபன் போன்ற மாத்திரைகள் குருதிக் கசிவை மிகுவிக்கும், அவற்றைக் கொடுக்கலாகாது. குடிக்க முடிந்த பிள்ளைக்குக் கஞ்சியும் ஜீவனியும் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம்.

ஆசிரியர்களே, காய்ச்சலுக்குப் பின் வகுப்பிற்கு வந்த பிள்ளையின் கையைத் தொட்டுப் பாருங்கள். கங்காணிமாரே, துரைமாரே, காய்ச்சல் தணிந்த பிள்ளையோடு இரண்டு நாள் இருக்கத் தாய் விடுப்புக் கேட்டால், காய்ச்சல்தான் விட்டுவிட்டதே என்று கூறாதீர்கள். அவள் காவல் இருக்க வேண்டியது அந்த இரண்டு நாள்களே.