தூரத்திலிருந்து ஒரு கணினிக்குத் துணை

(காக்ஸ் டவுனில் அங்கத்தினர் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



என் அக்காவுக்கு 81 வயது. ஸ்ரீரங்கத்தில் தனியாக வாசம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அவளுடைய பழைய கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்காது. நன்றாக ஓடும் மெஷினைத் தூக்கி எறிவானேன் என்று லினக்ஸ் மிண்ட் 22 போட்டுக் கொடுத்தேன். லினக்ஸ் நமக்குப் புதிதல்ல. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007-இலேயே வந்தது. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினிகளிலும் அது இருந்தது.

போடுவது சுலபம். பெங்களூரிலிருந்து பார்த்துக்கொள்வதற்கு, அங்கே இருக்கும்போதே சில ஏற்பாடுகள் அவசியம்.

முதலாவது, அக்காவுக்குச் சாதாரணக் கணக்கு. நிர்வாகக் கணக்கு தனி. தவறிப்போய் எதை அழுத்தினாலும் சிஸ்டம் கெடாது.

இரண்டாவது, டைம்ஷிஃப்ட். புதுத் திருத்தம் ஏதாவது தகராறு செய்தால் முந்தைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் அது சிஸ்டத்தை மட்டுமே காக்கும். போட்டோக்கள், கடிதங்களுக்குத் தனி ஹார்ட் டிஸ்கில் நகல் வேண்டும்.

மூன்றாவது, ரஸ்ட்டெஸ்க் மாதிரி, தூரத்திலிருந்து திரையைப் பார்க்க உதவும் மென்பொருள். வீட்டு இணைப்புக்குள் வெளியிலிருந்து நேரே நுழைவது பெரும்பாலும் முடியாது. இரு பக்கமும் ஒரு இடைநிலை சர்வர் மூலம் சேர்கின்றன. ஊரை விட்டுக் கிளம்புமுன், என் மொபைல் இணையத்தின் வழியே இதைச் சோதித்துக்கொண்டேன்.

நான்காவது, பெரிய எழுத்தில் ஒரு நோட்டுப் புத்தகம். "பிரௌசர்" என்று எழுதவில்லை. "ஆரஞ்சு நரிப் படம்" என்று எழுதினேன்.

எல்லாவற்றிலும் முக்கியம் ஜாக்கிரதை. போலீஸ், பாங்க் என்று யார் சொன்னாலும் திரையைத் திறக்கக் கூடாது என்றேன்.

"ஏண்டா அம்பி, நீயே போன் பண்ணிக் கேட்டா?"

"அப்பவும் திறக்காதே அக்கா. போனை வெச்சுட்டு, என் நம்பருக்கு நீ பண்ணு."

இப்போது குரலையும் போலி செய்கிறார்களே! பணம் போய்விட்டால் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும் என்பதும் நோட்டில் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. மிண்ட் 22-க்குத் திருத்தங்கள் 2029 வரை வரும். எழுபதைத் தாண்டிய நான் அதுவரை இருப்பேன் என்று யார் சொல்ல முடியும்? நிர்வாகக் கடவுச்சொல்லை உறையில் ஒட்டி அக்காவின் பீரோவில் வைத்திருக்கிறேன். அடுத்த தெருவிலுள்ள உறவுக்காரப் பையனுக்கும் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தாயிற்று. உதவி செய்பவர் இல்லாமல் போனாலும் உதவி நிற்கக் கூடாது. நம் அங்கத்தினர்கள் ஊருக்குப் போகும் அடுத்த தடவை இதை மனதில் வைத்துக்கொள்ளப் பிரார்த்திக்கிறேன்.