மழைத்தரவு வழியில் தொலையாதிருக்க

(முலுண்டில் பொறியியல் மாணவர்களுக்கும் உள்ளாட்சி அலுவலர்களுக்கும் நிகழ்த்திய உரையின் சுருக்கம்)



2005ஆம் ஆண்டு ஜூலை 26 காலை 8.30 மணி தொடங்கி 24 மணி நேரத்தில் சாந்தாகுரூஸில் 944 மி.மீ. மழை பதிவாயிற்று. அதே நேரத்தில் கொலாபாவில் பதிவானது சுமார் 74 மி.மீ. மட்டுமே. இரண்டும் மும்பை நகரின் பகுதிகளே. ஓரிரு மழைமானிகளைக் கொண்டு இம்மாநகரின் மழையை அறிய இயலாது என்பதை அந்த நாள் உணர்த்தியது. 2006இல் மாநகராட்சி தானியங்கி மழைமானிகளின் வலையமைப்பை ஏற்படுத்தியது. அவற்றில் பல தீயணைப்பு நிலையங்களின் கூரைகள்மீது அமைந்தன. 15 நிமிடங்களுக்கு ஒருமுறை மழையளவு கட்டுப்பாட்டு அறைக்குச் சென்றது. மழைக்கால அறிக்கைகளில் முலுண்ட் தீயணைப்பு நிலையத்தின் பெயரையும் நீங்கள் கண்டிருப்பீர்கள்.

அந்த ஜூலை நாளில் மின்சாரமும் தொலைபேசி, செல்பேசித் தொடர்புகளும் பல பகுதிகளில் செயலிழந்தன. ஆகவே, செல்பேசி மோடம் வழியாகத் தரவு அனுப்பும் எந்த நிலையமும், தரவு மிகவும் தேவைப்படும் வேளையிலேயே துண்டிக்கப்படக்கூடும். இதனை எவ்வாறு எதிர்கொள்வது?

மோடமும் தேக்கமும்

நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கருவி, ஏ.டி. கட்டளைகளின் மூலம் மோடத்தை இயக்குகிறது. தொலைவிலுள்ள கணினியுடன் தரவு பரிமாற மோடம் திறக்கும் வாயிலே சாக்கெட் எனப்படும். குவெக்டெல் வகை மோடங்களில் சாக்கெட்டைத் திறக்கும்போதே மூன்று முறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்: 0 என்பது தேக்க முறை, 1 என்பது வந்த தரவை உடனே கருவிக்குத் தள்ளும் முறை, 2 என்பது தரவு தங்குதடையின்றிக் கடந்து செல்லும் முறை.

தேக்க முறையில், வந்த தரவை மோடம் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, தரவு வந்துள்ளது என்று மட்டும் அறிவிக்கும். கருவி தனக்கு ஓய்வுள்ளபோது அதனைப் படித்துக்கொள்ளலாம். ஆயினும் தேங்கியது முழுவதையும் படித்து முடிக்கும்வரை மோடம் மறுபடியும் அறிவிக்காது. பாதி படித்து நிறுத்தும் நிரல், அடுத்த அறிவிப்புக்காகக் காத்துக் கிடக்கும்.

அனுப்பும்போது நேரும் பிழை இதனினும் பெரிது. "சென்ட் ஓ.கே." என்று மோடம் விடையளித்தால், தரவு கட்டுப்பாட்டு அறையை அடைந்துவிட்டதாகப் பலர் கருதுகின்றனர். அது மோடத்தின் தேக்கத்தில் சேர்ந்தது என்பதே அதன் பொருள். கடிதத்தைத் தபால் பெட்டியில் போடுவது வேறு. அதைப் பெற்றதற்கான ஒப்புகை கையொப்பத்துடன் திரும்பி வருவது வேறு. மின்தடை ஏற்பட்டால் மோடத்தின் தேக்கம் அழிந்துவிடும்.

இரண்டாவது தேக்கம்

ஆதலால் மின்சாரம் இல்லாதபோதும் அழியாத நினைவகம் ஒன்று கருவியிலேயே இருத்தல் வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் நேரமும் வரிசை எண்ணும் தரவேண்டும். தொலைவிலுள்ள கணினி அந்த வரிசை எண்ணைக் குறிப்பிட்டு ஒப்புகை அனுப்பிய பின்னரே அப்பதிவை நீக்கலாம். ஒப்புகை வழியில் தொலைந்தால் அதே பதிவு மீண்டும் செல்லும். வரிசை எண்ணைக் கொண்டு இரட்டிப்பைக் களைந்துவிடலாம்.

இதற்காகும் செலவு சிறிது. ஒரு பதிவு 32 பைட் எனக் கொள்வோம். நாளொன்றுக்கு 96 பதிவுகள்; மொத்தம் 3,072 பைட். முப்பது நாள் தரவுக்கு 90 கிலோபைட் போதும். ஒரு கட்டளையில் 1,460 பைட் வரை அனுப்பலாமாதலால், ஒரு நாள் முழுவதும் தொடர்பற்றிருந்தாலும் மூன்றே தவணைகளில் பாக்கியைத் தீர்த்துவிடலாம்.

தொடர்பு மீண்டவுடன் அண்மைப் பதிவு முதலில் செல்லவேண்டும். வெள்ளத் தடுப்புப் பணியாளருக்கு இப்போதைய மழையே முக்கியம். பழைய பதிவுகள் பின்னர் செல்லட்டும். வடிகால் திட்டமிடுவோருக்கு அவை தேவைப்படும். எல்லா நிலையங்களும் ஒரே நொடியில் முண்டியடிக்காதவாறு, ஒவ்வொன்றும் சிறிது வேறுபட்ட இடைவெளி விட்டுத் தொடர்பு கொள்வது நலம்.

அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள்

கருவி வாங்கும் ஒப்பந்தத்தில் "தரவு அனுப்பும் வசதி" என்று மட்டும் குறிப்பிடுவது போதாது. ஜூன் மாதம் பிறக்குமுன் ஒரு நிலையத்தின் ஆன்டெனாவை ஒரு நாள் கழற்றி வையுங்கள். இடையில் ஒருமுறை மின்சாரத்தையும் நிறுத்துங்கள். மறுநாள் இணைத்த பின் 96 பதிவுகளும் குறையாது வந்து சேர்ந்தனவா என்று எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் கருவியை ஏற்க வேண்டாம். இச்சோதனையைப் பெருமழை நடத்தும்வரை நாம் காத்திருக்கலாகாது.