மழையும் மணியும் மூன்று ஸ்வரங்களும்



சங்கீத அபிமானியாக வாழ்ந்து மறைந்த ஒரு பெருந்தகையின் நினைவாக நிறுவப்பெற்ற இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவில், இரைச்சலென்று பலரும் காதைப் பொத்திக்கொள்ளும் ஹெவி மெட்டல் இசையைப் பற்றிப் பேச இசைந்தமைக்கு முதற்கண் என் நன்றி உரியது. அவ்விசைக்கு ஊற்றுக்கண்ணென்று இரசிகர்களுட் பெரும்பாலோர் கொண்டாடும் ‘பிளாக் ஸாபத்’ குழுவினரின் முதல் இசைத்தட்டு, 1970 பிப்ரவரி 13ஆம் நாள் வெள்ளிக்கிழமையன்று இங்கிலாந்தில் வெளிவந்தது. குழுவின் பெயரே தட்டுக்கும் பெயர். அதன் முதற்பாட்டுக்கும் அதுவே பெயர்.

அக்குழுவினர் நால்வரும் பர்மிங்ஹாம் நகரின் ஆஸ்டன் வட்டாரத்து ஆலைப் புகையிலே வளர்ந்த எளிய குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களுள் டோனி ஐயோமி இடக்கைப் பழக்கமுடையவராதலின், கிட்டாரின் தந்திகளை அழுத்துவது அவருக்கு வலக்கை. பதினேழாம் வயதில், தகட்டு ஆலையை விட்டு நீங்கவிருந்த கடைசி நாளிலே, அக்கையின் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனிகளையும் இயந்திரம் துண்டித்துவிட்டது. இனி வாசிப்பே இல்லையென்று மனமுடைந்திருந்தவருக்கு, இரண்டு விரல்கள் பயனற்றுப்போன பின்னும் வாசித்துப் புகழ்பெற்ற ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டை அவ்வாலையின் மேற்பார்வையாளர் கேட்கச் செய்தார். பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்டிக் புட்டியை உருக்கி, விரல் நுழையத் துளையிட்டு, மேலே தோலை ஒட்டித் தாமே உறை செய்து பூண்டுகொண்டு, மெல்லிய தந்திகளைக் கட்டி மீண்டும் வாசிக்கத் தொடங்கினார் ஐயோமி. 1971இல் வந்த மூன்றாவது தட்டில் சுருதியையே மூன்று ஸ்வரஸ்தானம் தாழ்த்தினார்; தந்தி தளர்ந்தது, நாதம் கனத்தது.

முதல் தட்டின் அந்த முதற்பாட்டுக்கு ஆதாரம் மூன்றே ஸ்வரங்கள். நம் பரிபாஷையிற் சொல்வதானால் ஷட்ஜம், அதன் மேல் ஷட்ஜம், பின்பு நடுங்கி நடுங்கி ஒலிக்கும் பிரதி மத்தியமம். மேனாட்டுச் சாஸ்திரக்காரர்கள் இந்த இடைவெளியை இசையிற் புகுந்த சாத்தானென்றே வழங்கினர். நமக்கோ அது கல்யாணியின் ஜீவனாய் விளங்கும் மங்கள ஸ்வரம். ஸ்வரத்திற்குத் தன்னளவில் பாவம் ஏது, புண்ணியம் ஏது? காந்தாரமும் பஞ்சமமும் துணை வராமல், தனித்து, மெதுவாக, ஆலைச் சம்மட்டியின் கனத்தோடு அது விழும்போதுதான் அச்சம் பிறக்கிறது.

இவர்கள் சாத்தானைத் துதிப்பவர்களென்று அபவாதம் எழுந்ததுண்டு. பாட்டைச் செவிமடுத்தவர் அவ்வாறு சொல்லார். கரிய உருவொன்றைக் கண்டு வெருண்டு, தன்னைக் காக்குமாறு கடவுளிடம் கதறும் மனிதனின் குரலையே குழுவின் பாடகர் ஆஸி ஆஸ்பர்ன் அதிற் பாடுகிறார். விமர்சகர் பலர் இகழ்ந்தும், பிரிட்டிஷ் விற்பனை வரிசையில் அத்தட்டு எட்டாம் இடத்தை எய்தியது. அஞ்சாதேயென்று தேற்றுவோர் எங்கும் உண்டு. யானும் அஞ்சுகிறேனென்று உரக்கச் சொல்பவன் கிடைப்பதரிது, அவனைக் கண்டுகொண்ட இளைஞர்கள் விடாமற் பற்றிக்கொண்டார்கள் என்பதே என் துணிபு.

லண்டனில் ஏறக்குறைய ஒரே நாளிற் பதிவான அத்தட்டை இப்போது சுழல விடுகிறேன். முதலில் மழை பெய்யும். தொலைவில் மணியொன்று ஒலிக்கும். அதுவரை அன்புகூர்ந்து எவரும் பேசாதிருக்க வேண்டுகிறேன்.