மனநோயாளருக்குச் செவிலியர் பணி

(பொன்விழாவையொட்டி நம் பங்கு மண்டபத்தில் நடந்த நலவாழ்வுக் கருத்தரங்கில், மனநல மருத்துவமனைகளில் பணிபுரியும் நம் பங்குச் செவிலியர் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)

 

விழாக் காலத்தில் பேசுவதற்கு இனிய பொருள்கள் எத்தனையோ இருக்க, மனநோயாளரைப் பேணுவது பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் கேட்டபோது நாங்கள் சற்றுத் தயங்கினோம். தயக்கத்துக்குக் காரணம் உண்டு. நம் பங்கில் ஒரு பெண் நர்ஸ் வேலை பார்க்கிறாள் என்றால் எல்லாருக்கும் பெருமைதான். ஆனால் "எந்த வார்டு?" என்று கேட்டு, "மனநோய் வார்டு" என்ற பதில் வந்ததும் கேட்டவர் முகம் மாறிவிடுகிறது. "பயமா இல்லையாம்மா? வேற வார்டுக்கு மாத்தச் சொல்லி எழுதிக் கொடுக்கக் கூடாதா?" என்கிறார்கள். எங்களில் சிலரைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட இதையே கேட்டதுண்டு.

கீழ்ப்பாக்கம் என்பது சென்னையில் மக்கள் வாழும் ஒரு பகுதி. 1794-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற மனநல மருத்துவமனை 1871-இல் அங்கே இடம் மாறியது. அதனாலேயே அந்த ஊர்ப்பெயர் தமிழ்நாடெங்கும் ஒரு கேலிச்சொல்லாகிவிட்டது. சினிமாவில் அதைச் சொன்னால் கொட்டகையே சிரிக்கிறது. அப்படிச் சிரிக்கும் கூட்டத்தின் நடுவே, தம் வீட்டிலும் ஒரு நோயாளி இருப்பதை வெளியே சொல்ல முடியாமல் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பவர் ஒருவராவது இருப்பார். அவரை எண்ணியே இன்று பேச ஒப்புக்கொண்டோம்.

மற்ற வார்டுகளில் செவிலியருக்குத் துணையாகப் பல கருவிகள் உண்டு. காய்ச்சலை அளக்க ஒன்று, இரத்த அழுத்தம் பார்க்க ஒன்று. மனச்சோர்வு இவ்வளவு, அச்சம் இவ்வளவு என்று அளந்து சொல்லும் கருவி எதுவும் இல்லை. அங்கே செவிலியரின் கண்ணும் காதும் நாவுமே கருவிகள். நோயாளி எங்களை நம்பினால்தான் அவை வேலை செய்யும். அந்த நம்பிக்கையைப் பெறுவதே எங்கள் தொழிலின் முதல் திறன். அது பிறவியில் வருவதன்று. நாள்தோறும் பழகிப் பெறுவது. நாங்கள் சொல்ல வந்தது இதுதான்.

இதை முதலில் உணர்த்தியவர்கள் நோயாளிகளாக இருந்தவர்களே. செவிலியருக்குப் பாதுகாவலராக நம் திருச்சபை கொண்டாடும் 'கடவுளின் அருளப்பர்', ஸ்பெயின் நாட்டின் கிரானடா நகரில் பித்தர் என்று பிடித்துச் செல்லப்பட்டவர். சவுக்கடியே பைத்தியத்துக்கு மருந்து என்று எண்ணிய காலம் அது. அவ்வடியைத் தம் உடலில் தாங்கியவர், வெளியே வந்தபின் தாமே ஒரு மருத்துவமனையை நிறுவி, 1550-இல் இறக்கும்வரை நோயாளருக்கு உழைத்தார்.

மற்றொருவர் பிரான்சு நாட்டின் பூசேன். கண்டமாலை நோய்க்காகப் பாரிஸ் அருகே பிசேத்ர் மருத்துவமனையில் சேர்ந்தவர். குணமானபின் அங்கேயே வேலைக்கு அமர்ந்து, மனநோயாளர் பிரிவுக்குப் பொறுப்பாளரானார். அவர் மருத்துவம் படித்தவர் அல்லர். நோயாளிகளை அடிக்கக் கூடாது என்று பணியாளருக்குத் தடை விதித்தார். குணமடைந்தவர்களையே பணிக்குத் தேர்ந்தெடுத்தார். 1797-இல் நோயாளிகளின் சங்கிலிகளைக் கழற்றினார். சங்கிலியை அகற்றிய பெருமையை உலகம் பினேல் என்னும் புகழ்பெற்ற மருத்துவருக்கே அளித்து வந்திருக்கிறது. பினேலோ, பூசேனிடம் தாம் கற்றவற்றைத் தம் நூலில் எழுதியிருக்கிறார். இரவும் பகலும் நோயாளியின் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிவது, வந்து பார்த்துப் போகிறவருக்குத் தெரியாது அன்றோ?

பிற்காலத்தில், 1952-இல், அமெரிக்கச் செவிலியர் ஹில்டகார்ட் பெப்லாவ், செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையே வளரும் உறவே சிகிச்சையின் ஒரு பகுதி என்று நூல் எழுதி நிலைநாட்டினார். மனநோய்க்குப் பெரும் மாற்றம் கொண்டுவந்த குளோர்ப்ரோமசின் மருந்து பாரிஸ் நகர மருத்துவமனையில் நோயாளருக்குக் கொடுக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். மருந்து வேண்டும், மனிதரும் வேண்டும் என்பதற்கு இவ்விரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தது பொருத்தமே.

இனி, இப்பணிக்கு வேண்டிய திறன்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

முதலாவது, கேட்கும் திறன். வேறு எவருக்கும் கேட்காத குரல்கள் சில நோயாளிகளுக்குக் கேட்கும். "சிஸ்டர், அவங்க என்னைக் கொல்லப் போறதாப் பேசிக்கிறாங்க" என்பார் ஒருவர். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, சும்மா இருங்க" என்றால் அவர் இனி நம்மிடம் பேச மாட்டார். "ஆமா, எனக்கும் கேக்குது" என்று ஒத்து ஊதினால் அது பொய், நோயும் வேரூன்றும். "எனக்கு அந்தக் குரல் கேக்கலண்ணே. ஆனா உங்களுக்குக் கேக்குது, பயமா இருக்குன்னு புரியுது. கொஞ்ச நேரம் நான் பக்கத்துல இருக்கேன்" என்பதே நாங்கள் கற்றுக்கொண்ட விடை. இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். சொன்னபடி பக்கத்தில் இருப்பதுதான் வேலை.

இரண்டாவது, கவனிக்கும் திறன். தூங்கினாரா, சாப்பிட்டாரா, மாத்திரையை விழுங்கினாரா அல்லது கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாரா என்று பார்க்க வேண்டும். லித்தியம் உட்கொள்பவருக்குக் கைநடுக்கம் கூடினாலும், வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம் கண்டாலும் மருந்தின் அளவு இரத்தத்தில் மிகுந்துவிட்டதோ என்று உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நம் ஊர்க் கோடையில் வியர்த்து உடல் வற்றினால் இந்த ஆபத்து அதிகம். குளோசபின் உட்கொள்பவருக்குத் தொண்டை வலியோடு காய்ச்சல் வந்தால், சாதாரணச் சளி என்று விடாமல் இரத்தத்தின் வெள்ளணுக்களைச் சோதிக்க வேண்டும்.

கவனிக்கத் தவறியதால் நேர்ந்த ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறோம். எங்களுள் ஒருவர் ஒரு மருத்துவமனையில் பணியேற்ற புதிது. கடுமையான மனச்சோர்வால் சேர்க்கப்பட்டிருந்த ஓர் இளந்தாய், வாரக்கணக்கில் யாரோடும் பேசாதிருந்தார். ஒருநாள் காலையில் தலைவாரிச் சிரித்த முகமாய் வந்தார். தம் சீப்பையும் புதுத் துண்டையும் பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்குக் கொடுத்துவிட்டார். "எம் பிள்ளைய எங்கம்மா நல்லாப் பாத்துக்குவாங்க சிஸ்டர்" என்றார். நாங்கள் மகிழ்ந்துபோனோம். 'முகத்தில் தெளிவு வந்துள்ளது' என்று வார்டு நோட்டில் எழுதிவைத்தோம். அன்றிரவே அவர் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். இரவுப் பணியில் இருந்த ஆயா தற்செயலாக எழுந்து போனதால் காப்பாற்றப்பட்டார்.

குணமாகி வீடு திரும்பும் நாளில் அவர் சொன்னார்: "நீங்க ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் சிஸ்டர். யாராவது கேக்க மாட்டாங்களான்னுதான் இருந்துச்சு." நோட்டில் நாங்கள் எழுதிய அந்த ஒரு வரி இன்றும் எங்களை உறுத்துகிறது. நீண்ட சோர்வுக்குப்பின் திடீரென வரும் அமைதி, பொருள்களைக் கொடுத்துவிடுதல், பிள்ளைகளைப் பிறரிடம் ஒப்படைப்பதுபோல் பேசுதல் ஆகியவற்றைக் கண்டால் அருகில் அமர்ந்து, "செத்துப் போயிடலாம்னு தோணுதாம்மா?" என்று நேராகக் கேட்க வேண்டும். கேட்பதால் இல்லாத எண்ணம் உண்டாகிவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். ஆராய்ச்சிகள் அப்படிக் காட்டவில்லை. கேட்பதால் பெரும்பாலோருக்குப் பாரம் குறைகிறது.

மூன்றாவது, தன்னை அடக்கும் திறன். கோபத்தில் ஒருவர் கையை ஓங்கினால், எதிரே மார்பை நிமிர்த்தி நிற்கக் கூடாது. கைக்கெட்டாத தொலைவில் சற்றுப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். கதவு இருக்கும் வழியை மறிக்கக் கூடாது. பலர் ஒரே நேரத்தில் சத்தமிடாமல் ஒருவர் மட்டும் தாழ்ந்த குரலில் பேச வேண்டும். பெரும்பாலும் அந்தக் கோபத்துக்குள் ஓர் அச்சம் இருக்கும். "என்ன வேணும் தம்பி, சொல்லுங்க" என்ற சொல்லில் அடங்கிய கைகளை நாங்கள் கண்டிருக்கிறோம். மனநோயாளர் எல்லாரும் அடிப்பவர்கள் என்பது தவறான எண்ணம். பிறரிடம் அடிபடுகிறவர்களே அவர்களில் அதிகம்.

நான்காவது, வாக்குத் தவறாமை. நாலு மணிக்கு வருகிறேன் என்றால் நாலு மணிக்குப் போய் நிற்க வேண்டும். கட்டில் எண்ணைச் சொல்லிக் கூப்பிடாமல் பெயரிட்டு அழைக்க வேண்டும். ஆசிரியராயிருந்த முதியவரை "வாத்தியாரையா" என்று அழைத்த அன்று, அவர் பல நாள்களுக்குப்பின் எழுந்து உட்கார்ந்தார்.

ஐந்தாவது, இரகசியம் காத்தலும் எல்லை அறிதலும். திருப்பலி முடிந்து வெளியே வரும்போது, "அந்த வீட்டுப் பையன் உங்க ஆஸ்பத்திரிக்கு வந்தானாமே?" என்று நம்மவர் சிலர் எங்களைக் கேட்பதுண்டு. நாங்கள் பதில் சொல்வதில்லை. தயவுசெய்து வருத்தப்படாதீர்கள், நாளை உங்கள் வீட்டுச் செய்தியையும் அவ்வாறே காப்போம். ஆனால் ஒரு நோயாளி, "சாகப் போறேன், யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றால் அதற்கு நாங்கள் உடன்பட மாட்டோம். பாவசங்கீர்த்தன இரகசியம் குருவானவருக்கு உரியது. உயிருக்கு ஆபத்து என்றால் செவிலியர் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். சொல்லப் போவதை நோயாளியிடமும் மறைக்கக் கூடாது. அதுபோலவே, அன்பு மிகுந்து நோயாளியை நம்மையே சார்ந்திருக்கச் செய்துவிடலாகாது. அவர் நம்மை விட்டு வீட்டுக்குப் போய்த் தம் வாழ்வை வாழ்வதே நம் வெற்றி.

அன்பார்ந்தவர்களே, இத்திறன்கள் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதைத் தமிழகம் கண்டிருக்கிறது. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகையில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்பியோட முடியாமல் மனநோயாளர் 28 பேர் மாண்டனர். பூசேன் சங்கிலியைக் கழற்றி இருநூறு ஆண்டுகள் கடந்தபின் நடந்தது இது. இதை ஓர் ஊரின் குறையாகவோ ஒரு சமயத்தின் குறையாகவோ சொல்லி ஒதுங்கிவிட முடியாது. பின்கட்டு அறையில் பூட்டி வைக்கும் வழக்கம் எல்லாச் சமயத்தார் வீட்டிலும் இருந்திருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என்று தடைசெய்துள்ளது. சட்டம் இரும்புச் சங்கிலியைத்தான் கழற்றும். கேலி என்னும் சங்கிலியை நாம்தான் கழற்ற வேண்டும்.

ஆகவே உங்களிடம் சில வேண்டுகோள்கள். மஞ்சள் காமாலை வந்த வீட்டுக்கு எப்படிப் போய் விசாரிப்பீர்களோ, அப்படியே இந்த வீட்டுக்கும் போங்கள். செபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல. நேர்ச்சைக்கு அழைத்துச் செல்லுங்கள், ஆனால் மாத்திரையை நிறுத்தாதீர்கள். குணமாகிவிட்டது என்று தாமாக மருந்தை நிறுத்தித் திரும்ப வந்து சேர்ந்தவர்களை நாங்கள் நிறையப் பார்க்கிறோம். ஓ.பி.க்குப் போகத் துணையில்லாதவருக்கு இளைஞர்கள் துணை போகலாம். ஆபத்தான எண்ணங்கள் வருவோர் 14416 என்ற அரசுத் தொலைபேசி எண்ணில் இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே, இலவசமாகப் பேசலாம். நர்ஸிங் படிக்கும் பிள்ளைகளை, ஆண் பிள்ளைகளையும்தான், இப்பணிக்கு வரத் தடுக்காதீர்கள். இதற்கு அசாதாரணத் துணிவு வேண்டியதில்லை. பொறுமையோடு பழகிக்கொள்ளும் மனம் இருந்தால் போதும்.

அந்த இளந்தாய் கேட்டது ஒரு வார்த்தைதான். அதைக் கேட்க வெள்ளைச் சீருடை தேவையில்லை. ஐம்பது ஆண்டுகளாக ஒரே பீடத்தைச் சூழ்ந்து நிற்கும் நாம், அடுத்த ஞாயிறு பக்கத்தில் முழந்தாளிடுபவரின் முகத்தைச் சற்றுப் பார்ப்போம். வாடியிருந்தால், "என்னம்மா, நல்லாருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நிற்போம்.