நன்னூலார் வகுத்த கால் பங்கு



சீயகங்கன் வேண்டப் பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலை எழுத்தும் சொல்லும் உரைக்கும் இலக்கணம் என்றே பலரும் அறிவர். அதன் பொதுப்பாயிரமோ கற்பிக்கும் முறையையும் கற்கும் முறையையும் பேசுகிறது. அப்பகுதியையே தேர்வுக்கு மனப்பாடம் செய்து, எழுதி, மறந்தவர் மிகுதி என்பது வேடிக்கைதான்.

அங்கே முனிவர் ஒரு கணக்குக் காட்டுகிறார். ஆசிரியர் உரைத்ததை மாணாக்கன் செவ்வையாக உள்வாங்கினாலும் அவன் பெறுவது கால் பங்குப் புலமையே. உடன் கற்பாரோடு பயிலும்போது மற்றொரு கால் பங்கு வரும். கற்றதைப் பிறர்க்குச் செம்மையாக விரித்துரைக்கும்போதுதான் எஞ்சிய அரைப் பங்கும் நிறைகிறது.

இன்றைய மேல்நிலை வகுப்பு வேதியியலில் எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண், செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. அந்த இருபதாவது உண்மையான செயலுக்கு உரியதா? பல பள்ளிகளில் தேர்வு நெருங்கும்போதுதான் ஆய்வகக் கதவு திறக்கிறது. சோதனைக் குழாயில் நிறம் மாறுமுன்னரே உப்பின் பெயர் செய்முறை ஏட்டில் ஏறிவிடுகிறது.

மாணாக்கர்க்கு உவமை கூறுமிடத்து, பாலையும் நீரையும் பிரித்தறியும் அன்னத்தையும், மேய்ந்ததை இருந்து அசைபோடும் பசுவையும் முதல் வரிசையில் வைத்தார் முனிவர். சொன்னதையே சொல்லும் கிளிக்கு அவர் தந்தது இடைநிலை. நம் மதிப்பெண் பட்டியலோ கிளிக்கே முதலிடம் தருகிறது. 2017இல் தமிழக அரசு பொதுத்தேர்வில் முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்தியது; நற்செயல். ஆயினும் பள்ளி வாயிற் பதாகைகள் இறங்கவில்லை.

பெற்றோரைக் குறை கூறிப் பயனில்லை. பொறியியற் சேர்க்கை மதிப்பெண்ணைக் கொண்டே நடக்கையில் அவர்கள் வேறென்ன செய்வர்? ஆனால் நம் குடும்பங்களில் நிலமுடையோர் பலர். பட்டாவில் பரப்பு ஹெக்டேரிலும் ஏரிலும் இருக்கும். வீட்டில் ஏக்கர், சென்ட் என்பர். ஒரு ஹெக்டேர் ஏறத்தாழ 2 ஏக்கர் 47 சென்ட். கணிதத்தில் நூற்றுக்கு நூறு பெற்ற பிள்ளையிடம் பட்டாவைக் கொடுத்துத் தாத்தாவின் நிலம் எத்தனை ஏக்கர் என்று கேட்டால், அது விழிக்கிறது. கற்றது அதற்குப் பயன்படாத கால் பங்காகவே நின்றுவிட்டது.

பாடத்திட்டத்தை மாற்றுவது அரசின் கையில். பரிசளிப்பை மாற்றுவது நம் கையில். விழாதோறும் மதிப்பெண் பட்டியலைப் பார்த்துப் பரிசு வழங்குகிறோம், வழங்குவோம். அதனோடு, பரிசு பெறும் பிள்ளை தான் செய்துபார்த்த ஒன்றை, அது மண் ஆய்வாயினும் மின்சுற்றாயினும் ஓலைச்சுவடி வாசிப்பாயினும், இவ்வவையில் ஐந்து நிமிடம் விளக்கட்டும். அவையிலுள்ள சிறுவர் வினா எழுப்பட்டும். அடுத்த ஆண்டு விழா நிரலிலேயே அதற்கு அரைமணி நேரம் ஒதுக்கலாம்.