பண்டிகைக் காலமும் பொய்த் தபாலும்



தீபாவளி அண்மிக்கும் நாட்களில் எங்கள் கினிகத்தேனைக் கடைவீதியைப் பார்த்தல் வேண்டும். தோட்டங்களிலே பண்டிகை முற்பணம் கொடுபட்டிருக்கும். கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் ஹற்றன் பஸ்ஸில் வந்திறங்குவார்கள். இப்பொழுதோ கடைவீதியிற் பாதி கைத்தொலைபேசிக்குள்ளே புகுந்துவிட்டது. அதிலே குற்றமில்லை, எங்களூர் மழையில் நனையாமல் சேலை வாங்குவதை யார்தாம் வெறுப்பர்?

சென்ற பண்டிகைக்கு முன் ஒரு காலை, எங்கள் மாணவி ஒருத்தியின் தாயார் பாடசாலை அலுவலகத்துக்கு வந்து, "சேர், இதைக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க" என்று கைத்தொலைபேசியை நீட்டினார். தபால் திணைக்களத்தின் பெயரால் வந்த குறுஞ்செய்தி அது. பொதி வந்துள்ளது, முகவரி முழுமையற்றிருப்பதால் ஒப்படைக்க முடியவில்லை, இணைப்பைத் திறந்து அறுபது ரூபா கட்டுக என்றிருந்தது. மூத்த மகன் தங்கைக்கு ஒரு சட்டை இணையத்தில் வாங்கியிருந்தான். ஆகவே முதல்நாள் இரவே வங்கி அட்டையின் இலக்கங்களையும், பின்னர் வந்த இரகசிய எண்ணையும் பதிந்துவிட்டான். விடியுமுன் 27,000 ரூபா போயிற்று. 2024இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளக் கணக்கிற் பார்த்தால், அது இருபது நாட் கொழுந்து.

படித்த பிள்ளை ஏமாறலாமா என்று கேட்பது எளிது. நானும் அப்படித்தான் கேட்க வாயெடுத்தேன். பின்புதான் ஒன்று தோன்றியது. பட்டினத்திலே தெருப்பெயரும் வீட்டிலக்கமும் உடையவர், முகவரி முழுமையற்றது என்ற செய்தியைக் கண்டு ஐயுறுவார். லயத்தில் வாழ்பவருக்கோ அது உண்மையாகவே தோன்றும். தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயருமே அவர் முகவரி. தோட்ட அலுவலகம் சுற்றிவரும் நேர்முகப் பரீட்சைக் கடிதம், நாள் கடந்தபின் கைக்கெட்டுவதை எங்கள் மாணவர் அனுபவித்திருக்கிறார்கள். வஞ்சகன் ஊருக்கெல்லாம் வீசிய தூண்டில், எங்கள் நெடுநாட் குறையிலே வந்து மாட்டிக்கொண்டது.

இவ்வாறு பணம் கேட்கும் செய்திகள் தம்முடையவை அல்லவென்று தபால் திணைக்களம் பலமுறை அறிவித்திருக்கிறது. அரசாங்க நிறுவனங்களின் இணைய முகவரி பெரும்பாலும், முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்பாக 'டொட் கொவ் டொட் எல்கே' என்று முடியும். அச்சொற்கள் நடுவிலே கிடந்தாற் போதாது. இது விளங்காவிட்டால் உப தபாலகத்துக்கு நடந்துபோய்க் கேளுங்கள். உண்மையாக வந்த பொதி ஓடிவிடாது.

பிரயாணத்திலும் அவசரமே முதலாகிறது. எல்ல செல்லும் புகையிரதத்தின் ஆசனச் சீட்டுகள் இணையத்திலே கணப்பொழுதில் மறைந்து, பன்மடங்கு விலைக்கு விற்கப்பட்ட விவகாரத்தில் 2025 ஜனவரியிலே கைது நடந்தது. டிசெம்பர் முதல் மே வரையான சிவனொளிபாதமலைப் பருவத்தில் வருவோர், படத்தை மட்டும் நம்பித் தங்குமிடத்துக்கு முற்பணம் அனுப்பாமல், ஹற்றனில் அறிந்தவரைக் கொண்டு அப்படியொரு விடுதி உண்டோ என விசாரித்தல் நன்று.

அன்று முதலில் வங்கிக்குத் தொலைபேசி எடுத்து அட்டையை நிறுத்தினோம். அதிலே தாமதம் கூடாது. பின்னர் பொலிஸில் முறையிட்டு, கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் 'சேர்ட்' நிறுவனத்துக்கு 101 இலக்கத்தில் அறிவித்தோம். விற்பவரே ஏமாற்றினால் நுகர்வோர் அதிகார சபைக்கு 1977.

போன பணம் இன்னும் திரும்பவில்லை. சட்டை நான்காம் நாள் தோட்ட அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. கட்டணம் எதுவும் கேட்கப்படவில்லை.