கடல் கடக்கும் முன் கணக்குப் பாருங்கள்

(நமது சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் இறுதியாண்டு மாணவர்களுக்காக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'வெளிநாட்டில் மேற்படிப்பு' என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். உலகம் பெரியது, எனக்குத் தெரிந்தது ஜெர்மனி ஒன்றுதான். 2011-ல் இங்கே மெக்கானிக்கல் முடித்து, ஓசூரில் இரண்டு வருடம் வேலை பார்த்து, 2013-ல் ஸ்டுட்கார்ட்டுக்கு எம்.எஸ். படிக்கப் போனேன். அதனால் அந்த ஊர்க் கதையை மட்டும் சொல்கிறேன். அறிவுரை என்று நினைக்க வேண்டாம். அண்ணன் ஊருக்கு வந்தபோது சொன்னது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பணம். "ஜெர்மனியில் படிப்பு இலவசமாமே அண்ணா?" என்று கேட்காத தம்பி கிடையாது. பாதி உண்மை. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் இன்றும் கல்விக் கட்டணம் இல்லை. செமஸ்டருக்கு ஒரு சிறு தொகை கட்டினால் போதும். ஆனால் ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம், 2017 குளிர்கால செமஸ்டரில் இருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-ல் கட்டணம் கொண்டுவந்துவிட்டது. ஆகவே "சீனியர் சொன்னார்" என்று நம்பாமல், நீங்கள் சேரப்போகும் பல்கலைக்கழகத்தின் அறிவிப்பை நீங்களே படியுங்கள்.

படிப்பு இலவசம் என்றாலும் சாப்பாடு இலவசம் இல்லையே! ஒரு வருடச் செலவுக்கான பணத்தை 'முடக்கப்பட்ட கணக்கு' ஒன்றில் போட்டுக் காட்டினால்தான் பெரும்பாலும் விசா. 2024 செப்டம்பர் முதல் அந்தத் தொகை 11,904 யூரோ. மாதம் 992 யூரோ வீதம் உங்களுக்கே திரும்பி வரும். இதோடு, இந்தியாவில் பட்டம் பெற்ற பெரும்பாலோர் 2022 நவம்பர் முதல் ஏ.பி.எஸ். என்னும் சான்றிதழ் சரிபார்ப்பையும் முடிக்க வேண்டும். அட்மிஷன் வந்த பிறகு பார்த்துக்கலாம்னு இருந்தால் செமஸ்டரே போய்விடும். மார்க் ஷீட்டுகள் கைக்கு வந்ததுமே விண்ணப்பித்துவிடுங்கள்.

இனி போய் இறங்கியதும் செய்யவேண்டியவை. நாம் இன்ஜினீயர்கள், பெர்ட் சார்ட் போட்டுப் படித்தவர்கள். இங்கேயும் ஒன்று முடிந்தால்தான் அடுத்தது நகரும். வீடு கிடைக்கணும். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாளுடன் இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும்; 'அன்மெல்டுங்' என்பார்கள். பெரும்பாலும் அந்தப் பதிவு இருந்தால்தான் உள்ளூர் வங்கிக் கணக்கு. அந்தக் கணக்கு இருந்தால்தான் முடக்கிய பணம் மாதாமாதம் வரும். விசா முடிவதற்குள் வெளிநாட்டவர் அலுவலகத்தில் தங்கும் அனுமதிக்கும் விண்ணப்பித்திருக்க வேண்டும்.

இந்தச் சங்கிலியில் முதல் கண்ணி வீடு. அது தள்ளிப்போனால் எல்லாமே தள்ளிப்போகும். அட்மிஷன் கடிதம் வந்த அன்றே மாணவர் விடுதிக்கு விண்ணப்பம் போடுங்கள்; வரிசை நீளம். பெட்டி கட்டும்போது முதல் ஆறு வாரச் செலவுக்கான பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள்.

வீடு தேடும் அவசரத்தில்தான் ஏமாற்றுக்காரர்கள் வருகிறார்கள். "நான் இப்போது வேறு நாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்று யாராவது எழுதினால், அந்த வீடே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்களோ, உங்களுக்குத் தெரிந்த ஒருவரோ நேரில் பார்க்காத வீட்டுக்குப் பத்துப் பைசா அனுப்ப வேண்டாம். முன்பணமும் சட்டப்படி மூன்று மாத அடிப்படை வாடகையைத் தாண்டக்கூடாது.

மருத்துவக் காப்பீடு இல்லாமல் பல்கலைக்கழகத்தில் சேரவே முடியாது. மாணவர்களுக்கான குறைந்த கட்டணம் 30 வயது வரைதான். சில வருடம் வேலை பார்த்துவிட்டுப் போகிறவர்கள் இதைக் கணக்கில் வையுங்கள். ஆன்டிபயாடிக் மாத்திரை டாக்டர் சீட்டு இல்லாமல் கிடைக்காது. கண்ணாடி போட்டவர்கள் இன்னொரு ஜோடியும் எடுத்துப் போங்கள்.

பெட்டியைப் பற்றி அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. நெய், பால்கோவா, பச்சைக் கறிவேப்பிலை இவற்றைக் கொடுத்தனுப்பாதீர்கள். இந்தியாவிலிருந்து பால், இறைச்சிப் பொருட்களைக் கொண்டுபோக ஐரோப்பிய ஒன்றியம் விடுவதில்லை. பச்சை இலைக்கும் சான்றிதழ் கேட்பார்கள். பருப்புப் பொடி, சாம்பார்ப் பொடி, புளி தாராளமாகப் போகலாம். மிக்ஸியும் ஓடும், அங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், பிளக் மட்டும் மாறும். ஆனால் இரவு பத்து மணிக்கு மேல் அரைக்காதீர்கள், அக்கம்பக்கத்தார் புகார் சொல்வார்கள். தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். மிளகாய் கருகி, புகை அலாரம் அடித்து, தீயணைப்பு வண்டி வந்துவிட்டால் பில் உங்கள் பெயருக்கு வரலாம்! ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. சனிக்கிழமையே அரிசி வாங்கிவிடுங்கள்.

இதெல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிடும். பழகுவதற்குள் பலரைக் கவிழ்ப்பது தேர்வுதான். இங்கே அரியர் வந்தால் அடுத்த செமஸ்டரில் எழுதலாம், அதற்கடுத்ததிலும் எழுதலாம். அங்கே பல பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்துக்கு மூன்று வாய்ப்புகள்தான். மூன்றாவதிலும் போனால் அந்தப் படிப்பே முடிந்தது. அதே படிப்பை அந்த நாட்டின் வேறு பல்கலைக்கழகத்திலும் தொடர முடியாமல் போகலாம்.

நம் கல்லூரித் தம்பி ஒருவனின் கதை இது. அவன் சம்மதத்தோடுதான் சொல்கிறேன், பெயர் வேண்டாம். அப்பா வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கி அனுப்பியவர். மாணவர்கள் வருடத்துக்கு 140 முழு நாட்கள் வேலை செய்யலாம் என்கிறது 2024-ல் வந்த சட்டம். அவன் அந்த நாட்களை ஒன்றுவிடாமல் கிடங்கு வேலைக்கே கொடுத்தான். வட்டியைத் தானே கட்டவேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஒரு பாடத்தில் இரண்டு முறை போயிற்று. வீட்டுக்கு ஞாயிறுதோறும் போன் பேசுவான், "எல்லாம் நல்லா போகுதுப்பா" என்பான். மூன்றாம் முறைக்கு மூன்று வாரம் இருக்கும்போது என்னை அழைத்து, "அண்ணே, ஊருக்கே வந்துடலாமான்னு இருக்கு" என்றான்.

மறுநாள் இருவரும் படிப்பு ஆலோசகரைப் பார்த்தோம். அவர் திட்டவில்லை, கெடு முடிவதற்குள் பெயரை விலக்கி, அடுத்த முறை எழுதலாம் என்று வழி சொன்னார். அன்று இரவே அவன் அப்பாவிடம் உண்மையைச் சொன்னான். அவர் சிறிது நேரம் பேசவில்லையாம். பிறகு, "வட்டியை நான் பார்த்துக்கறேன், நீ படி" என்றாராம். வேலையைப் பாதியாகக் குறைத்தான். தேர்வில் 4.0 வாங்கினான். அங்கே 1.0தான் முதல் மதிப்பெண், 4.0 என்றால் மயிரிழையில் பாஸ். இன்று அவன் நல்ல வேலையில் இருக்கிறான். பத்திரமும் வீட்டுக்கு வந்துவிட்டது.

ஆகவே தம்பி தங்கைகளே, பகுதிநேர வேலை கிடைக்காது என்று வைத்தே கடன் கணக்கைப் போடுங்கள், கிடைத்தால் லாபம். தேர்வு விதிகளை முதல் வாரத்திலேயே படியுங்கள். கஷ்டம் வந்தால் ஆலோசகரிடம் சீக்கிரம் போங்கள். அவர் அதற்காகவே சம்பளம் வாங்குகிறார். பெற்றோரே, "மார்க் என்ன?" என்பதற்கு முன்னால் "சாப்பிட்டியா, தூங்கினியா?" என்று கேளுங்கள். பிள்ளை உண்மையைச் சொல்ல அது ஒரு வாசல்.

முன்னாள் மாணவ நண்பர்களே, நீங்கள் இருக்கும் ஊருக்கு நம் கல்லூரிப் பிள்ளை வந்தால் முதல் வாரம் ஒருவேளை சோறு போட்டு, நகர அலுவலகம் வரை கூடப் போய் வாருங்கள். சங்கம் என்பதற்கு இதைவிடப் பெரிய வேலை இல்லை.

போகிறவர்கள் நலமாகப் போய் வாருங்கள்.